குத்தகை நீரில் பம்பர் படகு: படகு வாங்குவது கடைசி வேலை

ஏரி அல்லது குளத்தின் ஓரப்பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, 8 பம்பர் படகுகளோடு சின்னதாக ஒரு சவாரித் தொழில் தொடங்கலாமா, எதில் ஆரம்பிப்பது, எங்கே பணம் முடங்கும் என்பதுதான் கேள்வி.

தொடங்கலாம். ஆனால் பலர் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். படகைப் பார்த்ததும் ஆசைப்பட்டு முன்பணம் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர் தேடி அலைகிறார்கள். படகு எப்போதும் கிடைக்கும், பழையதாகவும் கிடைக்கும். ஆண்டு முழுக்க ஒரே ஆழத்தில் நிற்கும், வேறு யாரும் உரிமை கோராத, வண்டி வந்து நிற்க இடமுள்ள தண்ணீர்தான் கிடைக்காது. அதனால் வேலையை இந்த வரிசையில் வையுங்கள்: முதலில் ஆழம் அளப்பது, பிறகு ஒப்பந்தம், பிறகு அனுமதியும் காப்பீடும், அடுத்து படகுத்துறை, கடைசியாகப் படகு.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டமான ஃபைபர் உடல், அதைச் சுற்றிக் காற்றடைத்த தடித்த டியூப், ஒரு பெரியவரோ ஒரு பெரியவரும் குழந்தையுமோ உட்காரும் இருக்கை, எந்தப் பக்கமும் திரும்பும் மோட்டார். டியூபோடு சேர்த்து விட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான். இடித்து விளையாடுவதற்கென்றே செய்த படகு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 25 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு வேண்டும். 8 படகுக்கு 10 மீட்டருக்கு 20 மீட்டர் போதும். இதைவிடப் பெரிதாக எடுத்தால் படகுகள் ஒன்றையொன்று தேடித் திரியும், விளையாட்டு சப்பென்றாகும், நின்றுபோன படகை இழுத்து வரவும் நேரமாகும். இந்தத் தொழிலில் பெரிய தண்ணீர் ஒரு வசதி இல்லை.

தண்ணீரை அளப்பது

இடத்தைப் பார்த்த அன்றே கயிற்றால் 2 மீட்டர் கட்டம் போட்டு அளந்துவிடுங்கள். 10க்கு 20 மீட்டர் பரப்பில் 66 புள்ளிகள் வரும், அரைநாள் வேலை. சென்டிமீட்டர் குறித்த மூங்கில் கழி ஒன்று போதும், ஆனால் அதன் அடிநுனியில் 10 செ.மீ. அகலமுள்ள வட்டப் பலகை ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள். வெறுங்கழி சேற்றுக்குள் இறங்கி, இல்லாத ஆழத்தைக் காட்டும். பலகையோடு ஒருமுறை, பலகையைக் கழற்றி அழுத்தி ஒருமுறை என ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு அளவு எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேற்றின் கனம். 30 செ.மீ.க்கு மேல் சேறு இருந்தால் அந்த இடம் வேண்டாம். கவிழ்ந்தவர் எழுந்து நிற்க முயன்றால் கால் புதையும். தூக்கப்போகும் பணியாளுக்கும் அதே கதிதான்.

வேண்டிய ஆழம், நீர் மிகக் குறையும் மாதத்தில் 75 செ.மீ., நிறைந்து நிற்கும் மாதத்தில் 1.2 மீட்டர். கீழெல்லைக்குக் காரணம் மோட்டார். அதன் விசிறி நீர்மட்டத்துக்கு 40 முதல் 50 செ.மீ. கீழே சுற்றுகிறது, அதற்கடியில் இன்னும் 25, 30 செ.மீ. நீர் இல்லாவிட்டால் சேற்றைக் கிளறும், பாசியை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். மேலெல்லைக்குக் காரணம் மனிதர்: 1.2 மீட்டர் வரை பணியாள் நடந்தே போய் ஆளைத் தூக்கலாம், அதற்கு மேல் நீந்தியோ மீட்புப் படகிலோதான் போகவேண்டும். செங்குத்தாக இறங்கும் கல்குவாரிக் குழிகள் பார்க்க அழகாகவும் தெளிவாகவும் இருக்கும். கரையிலிருந்து இரண்டடி தள்ளினால் பாதாளம். அவற்றைத் தொடவேண்டாம். குளத்துக்குள் பழைய கிணறு, மண் வெட்டிய பள்ளம், மரத்தின் அடிக்கட்டை ஏதாவது இருந்தால் கட்ட அளவில் சிக்கும். சிக்கிய இடத்தைச் சுற்றி அடுத்த சுற்று அரை மீட்டர் கட்டத்தில் அளங்கள்.

நிறைந்த மாதத்தில் போய் அளந்துவிட்டு ஏமாறுவதுதான் இந்தத் தொழிலின் பழைய கதை. இன்றைய ஆழம் முக்கியமில்லை, எவ்வளவு இறங்கும் என்பதே முக்கியம். நீர்மட்டப் பதிவேடு இருந்தால் சில ஆண்டுகளுடையதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மதகுக் கல்லிலும் கரை மரங்களின் அடியிலும் படிந்திருக்கும் கறைக்கோடுகள் மேல்மட்டத்தைச் சொல்லும். அங்கே நாள்தோறும் வலை போடுகிறவர்கள் கீழ்மட்டத்தைச் சொல்வார்கள். இரண்டுக்கும் இடையே 45 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், படகுகள் ஓடும் பரப்பைச் சுற்றிக் கட்டும் நிலையான அடைப்பு உதவாது. மட்டத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய மிதவை அடைப்புதான் வழி. குத்தகை எல்லையும் அதற்கு இடம் தருமாறு இருக்கவேண்டும்.

தண்ணீரின் தரத்தையும் ஆய்வகத்தில் பாருங்கள். பம்பர் படகில் யாரும் நீந்துவதில்லை, ஆனால் எல்லார் முகத்திலும் தெறிக்கிறது. பொழுதுபோக்கு நீருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் பரிந்துரைத்த அளவு, 100 மி.லி.க்கு ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) பல மாதிரிகளின் பெருக்கல் சராசரியில் 126. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். மழைக்கு மறுநாள் எடுத்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் சுற்றுப்புறக் கழிவு அன்றுதான் உள்ளே வருகிறது. வெயில் காலத்தில் நீர்மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஏடு படர்ந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகைகள் நஞ்சை உண்டாக்கும். ஏடு நிற்கும் நாட்களில் சவாரியை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், தேங்கிய நீரில் நாள் முழுக்க நிற்கும் பணியாளருக்கு உண்மையான ஆபத்து. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும், புண்ணோடு நீரில் இறங்கக்கூடாது என்ற விதியும் வேண்டும்.

இதே காரணத்தால் இயற்கை நீரில் தண்ணீர்த் துப்பாக்கி பொருத்திய படகு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. குளத்து நீரை உறிஞ்சி அடுத்தவர் வாயிலும் கண்ணிலும் பீய்ச்சும் கருவி அது. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் 7.2 முதல் 7.8 என்று பராமரிக்கும் தொட்டிக்கு அது பொருந்தும். இடத்தை மட்டும் குத்தகைக்கு எடுத்து அப்படி ஒரு தொட்டி கட்டுவதானால் கணக்கு சுலபம்: 200 சதுர மீட்டர், 60 செ.மீ. ஆழம் என்றால் 1,20,000 லிட்டர். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே 1,000 லிட்டர் ஊற்றவேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

ஒப்பந்தம்

முதல் கேள்வி, குத்தகைக்குத் தருகிறவருக்குத் தர உரிமை இருக்கிறதா என்பது. நீர்நிலையில் தரை ஒருவருக்கும், தண்ணீர் பாசனத்துக்கோ குடிநீருக்கோ இன்னொருவருக்கும், மீன் மூன்றாமவருக்கும் சொந்தமாக இருப்பது சர்வசாதாரணம். கரை நிலத்தின் உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரில் படகு விட்டால், மீன் குத்தகைக்காரர் வந்து நிற்பார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

எல்லையைக் ‘கரையிலிருந்து 20 மீட்டர்’ என்று எழுதவே எழுதாதீர்கள். நீர் இறங்கினால் கரை நகரும். உங்கள் குத்தகை காய்ந்த மண்ணில் கிடக்கும். நில அளவைக் கல்லிலிருந்து அளந்த நான்கு மூலைகளையோ ஆயத்தொலைவுகளையோ குறிப்பிடுங்கள். தண்ணீரோடு சேர்த்துத் துறைக்கான கரைத்துண்டு, அதுவரை நடைபாதை, வண்டி நிறுத்தம், மின் இணைப்பு, கழிப்பறை, பெயர்ப்பலகை வைக்கும் இடம், நீருக்கடியில் நங்கூரக் கட்டை போடும் உரிமை ஆகியவற்றையும் பெயர் சொல்லி எழுதவேண்டும். இவற்றில் எது விடுபட்டாலும் பிறகு அதற்கென்று தனியாகப் பணம் கேட்கப்படும்.

மட்ட விதிதான் ஒப்பந்தத்தின் உயிர். துறைக்கு அருகே அசையாத இடத்தில் அளவுகோல் நட்டு, அதன் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதை நிலையான ஒரு கல்லோடு ஒப்பிட்டுப் படமும் எடுத்து இணைத்துவிடுங்கள். ‘அளவுகோலில் நீர் 75 செ.மீ.க்குக் கீழ் இறங்கிய நாளிலிருந்து மீண்டும் ஏறும் நாள்வரை வாடகை இல்லை. தொடர்ந்து 60 நாள் அப்படியிருந்தால் குத்தகைதாரர் விலகலாம், முன்வைப்புத் தொகை முழுதும் திரும்ப வரும்’ என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதவேண்டும். ‘போதிய நீர் இல்லாவிட்டால்’ என்று எழுதினால் எது போதும் என்பதில்தான் சண்டை வரும். பாசி ஏடு, வெள்ளம், அரசு உத்தரவு ஆகியவற்றால் மூடும் நாட்களையும் இதே விதிக்குள் கொண்டுவாருங்கள். மதகு திறப்பதற்கு 7 நாள் முன்னறிவிப்பு, அவசரமென்றால் திறக்குமுன் தொலைபேசி என்பதும் வேண்டும். மதகு திறந்தால் மட்டம் இறங்குவதோடு, அதன் பக்கமாக இழுவையும் உண்டாகும். சவாரி நடக்கும்போது அது நிகழக்கூடாது.

வாடகை தொடங்கும் நாளைக் கையெழுத்து நாளாக வைக்காமல், எல்லா அனுமதியும் கிடைத்த நாளாக வையுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் தானாக முடிவதாகவும் இருக்கட்டும். உரிமையாளர் வசூலில் பங்கு கேட்டால் தவறில்லை, மழை மாதத்தில் அது உங்களுக்கே நல்லது. ஆனால் ‘வசூல்’ என்பது வரியும் திருப்பிக் கொடுத்த டிக்கெட்டும் கழித்தது என்று வரையறுங்கள், தின்பண்டக் கடை இருந்தால் அதைத் தனியாகப் பிரியுங்கள். போட்ட பணம் திரும்ப மூன்று பருவம் ஆகும் என்று கணக்கு வந்தால், குத்தகைக் காலம் குறைந்தது நான்கு பருவமும் புதுப்பிக்கும் முதல் உரிமையும் இருக்கவேண்டும். பக்கத்திலேயே மிதிபடகுக்காரருக்கு இடம் கொடுக்கக்கூடாது என்ற தனியுரிமை, முடிவில் துறையும் மிதவைகளும் உங்களுடையவை, எடுத்துக்கொள்ள 30 நாள் அவகாசம் என்ற இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

காப்பீட்டை ஒப்பந்தம் வரைவாக இருக்கும்போதே விசாரியுங்கள். வழக்கமான பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் நீர்ஊர்திகளால் வரும் சேதம் விலக்கப்பட்டிருப்பது பரவலான வழக்கம். கடைக்காரருக்குத் தரும் அதே பாலிசியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் விபத்தன்றுதான் அந்த வரியைப் படிக்கிறார்கள். சவாரி செய்வோருக்கு நேரும் காயம் சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டாளர் கேட்கும் முதல் தாள் பராமரிப்புப் பதிவேடு. அதைத் திறப்பு நாளிலிருந்தே எழுதவேண்டும். பம்பர் படகுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எஃப்2460 தரநிலை இருக்கிறது. கேளிக்கை ஊர்திகளுக்கான பொதுத் தரநிலை ஐஎஸ்ஓ 17842. விற்பவரிடம் எந்தத் தரநிலைப்படி செய்தது என்று கேட்டு, பதிலைச் சான்றிதழாகவே வாங்குங்கள்.

அடைப்பும் துறையும்

பெரிய நீர்நிலைக்குள் 10க்கு 20 மீட்டர் அடைப்பை மிதவைக் கயிற்றால் கட்டலாம். ஆனால் வெறும் பந்து மிதவைகளைக் கோத்த கயிற்றின்மேல் படகு ஏறிவிடும். 25, 30 செ.மீ. விட்டமுள்ள தொடர் பிளாஸ்டிக் மிதவைக் குழாயே சரி, டியூப் அதில் மோதித் திரும்பும். மூலைகளுக்கு நங்கூரம் கான்கிரீட் கட்டை. 100 கிலோ கட்டை நீருக்குள் 58 கிலோதான் இருக்கும் என்பதை மறந்து பலர் பாதி எடையில் போடுகிறார்கள். முதல் பலத்த காற்றில் அடைப்பு வாழைக்காய் வடிவில் வளைந்து நிற்கும். நங்கூரக் கயிறு அடைப்புக்கு வெளியேதான் இறங்கவேண்டும், உள்ளே இறங்கினால் விசிறியில் சிக்கும்.

துறை மிதவை மேடையாக இருக்கட்டும். மேடையின் உயரம் டியூபின் மேல்மட்டத்தோடு ஒத்திருக்கவேண்டும், பெரும்பாலும் நீருக்கு மேல் 30 முதல் 40 செ.மீ. வரும். ஆட்கள் தண்ணீரில் விழுவது இடிக்கும்போது அல்ல, பெரும்பாலும் ஏறி இறங்கும்போதுதான். மேடையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நிற்கும்போது படகு விலகும். அதனால் ஒவ்வொரு படகையும் இரண்டு கொக்கியால் பிடித்த பிறகே ஆளை ஏற்றவேண்டும், உட்கார்ந்த பிறகே கொக்கியை விடவேண்டும். கரையிலிருந்து மேடைக்கு வரும் சாய்பாலம் 6 மீட்டர் நீளமாக இருந்து, மட்டம் 1 மீட்டர் இறங்கினால் சாய்வு ஆறுக்கு ஒன்றாகிவிடும். ஈரக்காலோடு அதில் ஏறமுடியாது. சக்கரநாற்காலிக்குப் பன்னிரண்டுக்கு ஒன்றுதான் எல்லை. பாலத்தின் நீளத்தை அதிகபட்ச இறக்கத்தை வைத்துத் தீர்மானியுங்கள்.

துறையை எந்தப் பக்கம் வைப்பது? காற்று போய்ச் சேரும் பக்கத்தில் வையுங்கள். மோட்டார் நின்ற படகு தானாக மிதந்து துறைக்கே வந்துவிடும். குறையும் உண்டு: குப்பையும் பாசியும் அங்கேதான் ஒதுங்கும். காலையில் ஒரு வலைக்கரண்டியோடு அரைமணி நேரம் செலவழித்தால் தீர்ந்தது. எதிர்ப்பக்கம் ஒதுங்கிய படகைப் பிடிக்க நாளுக்குப் பத்துமுறை போவதைவிட அது மேல்.

படகும் மோட்டாரும்

பெட்ரோலா மின்சாரமா என்று அதிகம் யோசிக்கவேண்டாம். குத்தகை நீரில் பெட்ரோல் சிந்தினால் ஒப்பந்தமே போகும். குடிநீர்த் தேக்கத்தில் அனுமதியும் கிடைப்பது அரிது. மின்சாரம்தான்.

மின்சாரம் என்றால் பேட்டரிக் கணக்கு. சவாரி 5 நிமிடம், ஏற்றி இறக்க 5 நிமிடம் என்றால் மணிக்கு 6 சுற்று. ஒவ்வொரு படகும் மணிக்கு 30 நிமிடம் ஓடுகிறது. 12 வோல்ட் சிறு மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும். சராசரி 20 என்று வைத்தால் 5 மணி நேர நெரிசலுக்கு 50 ஆம்பியர்-மணி. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்கக்கூடாது, எனவே 100 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த 5 மணி நேரத்துக்கு மட்டும் சரியாக இருக்கும். கூட்டம் 8 மணி நேரம் தொடர்ந்தால் 80 தேவை. மாலையில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கும். மாற்று பேட்டரி வைக்கவேண்டும், அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குப் போகவேண்டும். அது 80 விழுக்காட்டுக்கு மேல் தாராளமாகத் தரும், எடையும் பாதிக்கும் குறைவு. ஆனால் உறைநிலைக்குக் கீழ் அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. ஈய அமிலமானால் வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை வாங்கிவிடாதீர்கள். மெல்லிய தகடுகள், ஆழமாக வடித்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது. ‘டீப் சைக்கிள்’ வகைதான் வேண்டும். இரவு சார்ஜ் போடாமல் விட்ட ஈய பேட்டரியில் சல்ஃபேட் படியும்; ஓய்வில் 12.2 வோல்ட் காட்டினால் பாதி காலி, 12.7 என்றால் நிறைவு.

சார்ஜ் செய்யும் கொட்டகை துறையில் இருக்கக்கூடாது. கரையில், காற்றோட்டமாக, 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானோடு இருக்கட்டும். ஈய பேட்டரி விடும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டிலிருந்தே பற்றிக்கொள்ளும். துறைக்கு முதன்மை மின்சாரக் கம்பியே போகவேண்டாம். நீரில் கசியும் மின்சாரம் நீந்தத் தெரிந்தவரையும் முடக்கிவிடும்.

மோட்டார்களைக் கொல்வது பெரிய விபத்து எதுவும் இல்லை, தூண்டில் நரம்புதான். கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பு விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சூடேறி உருகி, எண்ணெய் சீலை அறுக்கும். அந்த இடைவெளியில் நீர் மோட்டாருக்குள் போகும். படகு ஓடிக்கொண்டேதான் இருக்கும்; இரண்டு வாரத்தில் பேரிங் துருப்பிடித்துச் சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். எல்லாரும் மோட்டார் தரமில்லை என்று விற்றவரைத் திட்டுவார்கள். வாரம் ஒருமுறை விசிறியின் நட்டைக் கழற்றி, விசிறியை உருவி, தண்டை விரல்நுனியால் சுற்றித் தடவிப் பாருங்கள். நரம்பு கண்ணில் படாவிட்டாலும் விரலில் தட்டும். ஒரு படகுக்கு ஐந்து நிமிட வேலை. கழற்றும்போதே வெட்டுமுள்ளையும் (விசிறி சிக்கினால் மோட்டாரைக் காக்கத் தான் உடையும் சிறு முள்) பாருங்கள், வளைந்திருந்தால் மாற்றுங்கள். உதிரியாகப் படகுக்கு நான்கு முள், மொத்தத்தில் இரண்டு விசிறி, இரண்டு சீல், ஒரு முழு மோட்டார் கையிருப்பு வேண்டும்.

பாசி சுற்றினால் அறிகுறி வேறு: படகு மெதுவாகும், ஆம்பியர் ஏறும், கம்பி சூடாகும், ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போன இடத்தில் பெரிய ஃபியூஸ் போடும் பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவு ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கவேண்டும். தள்ளிப் போட்டால் இடையிலுள்ள கம்பிக்குக் காவலே இல்லை. கம்பி 10 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது. 2 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. கம்பி போட்டால் 30 ஆம்பியரில் போய்வரும் வழியில் அரை வோல்ட் விழும், அது முழுதும் சூடாக மாறும். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம் விலை கூட. பூசாததில் ஒரே பருவத்தில் உறைக்குள்ளேயே பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

டியூபுக்கு வருவோம். காலையில் 25 பாகை வெப்பத்தில் 0.15 பார் அழுத்தம் வைத்தீர்கள் என்று கொள்வோம். மதிய வெயிலில் கரையில் கிடக்கும் டியூபுக்குள் காற்று 50 பாகையானால், டியூப் விரியாத பட்சத்தில், அளவி 0.25 பார் காட்டும். வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்த முழு அழுத்தம் 8 விழுக்காடுதான் ஏறுகிறது, ஆனால் தையல் தாங்கும் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்கு கூடுகிறது. படகு குளிர்ந்த நீரில் இருக்கும்வரை சிக்கல் இல்லை. கரையேற்றி வெயிலில் போட்டதுமே ஒட்டுவாய் பிரியும். ஆகவே அழுத்தத்தை நீரில் மிதக்கும்போதே பார்த்துச் சரி செய்யவேண்டும், கரையேற்றினால் கொஞ்சம் காற்றை விடவேண்டும், நிழலில் வைக்கவேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவீடு ஆகாது, குறை அழுத்த அளவி வாங்குங்கள். தளர்ந்த டியூபோடு ஓடவிட்டால் இடிக்கும்போது டியூப் மடங்கி ஃபைபரும் ஃபைபரும் மோதும். இரண்டு பேரின் முகங்களும் அவ்வளவுக்கு நெருங்கும். ஓட்டை ஒட்ட, பிவிசி பரப்பை கரைப்பானால் துடைத்து, மூலை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை ஓட்டையைச் சுற்றி 5 செ.மீ. படியும்படி இரு-பாகப் பசையால் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். அவசரத்தில் இரண்டு மணி நேரத்தில் காற்றடித்தால் மாலைக்குள் மீண்டும் பிரியும்.

பழைய படகு வாங்குவதானால் தராசு எடுத்துப் போங்கள். கையேட்டிலுள்ள வெற்று எடையைவிட 10 கிலோ கூட இருந்தால் உடலுக்குள் இருக்கும் மிதவை ஃபோம் நீர் குடித்திருக்கிறது. அது காய்வதில்லை, அந்தப் படகு தாழ்ந்து மிதக்கும். விசிறியைச் சுற்றி முழுக் கூண்டு இருக்கிறதா, விரல் நுழையாத இடைவெளியா என்று பாருங்கள். மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் உடனே நிற்கவேண்டும். எல்லாப் படகையும் கரையிலிருந்து ஒரே பொத்தானில் நிறுத்தும் ரேடியோ துண்டிப்பு இல்லாவிட்டால், அதைப் பொருத்த ஆகும் செலவை விலையில் கழியுங்கள். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

ஆட்களும் உயிர்க்காப்பும்

லைஃப் ஜாக்கெட்டில் குறித்திருக்கும் மிதப்பு விசையின் அளவைப் பாருங்கள். 50 நியூட்டன், அதாவது ஐஎஸ்ஓ 12402-5 வகை, நீந்தத் தெரிந்தவருக்கு. வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது என்று வைத்துக்கொண்டு, 12402-4 வகை 100 நியூட்டன் காலர் ஜாக்கெட்டே வாங்குங்கள். அது முகத்தை மேலே திருப்ப உதவும். சிறு குழந்தைக்குத் தொடையிடைப் பட்டை கட்டாயம். மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. ஒரு குழு படகில், ஒரு குழு வரிசையில், ஒரு குழு கொடியில் காய்ந்தபடி என்று மூன்று மடங்கு எண்ணிக்கை வேண்டும். 8 இரட்டைப் படகுக்கு, அளவு வேறுபாடும் சேர்த்து 50 ஜாக்கெட்.

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் டிக்கெட்டும் வரிசையும், ஒருவர் துறையில், ஒருவர் உயர மேடையில் நீரைப் பார்ப்பது மட்டும். மூன்றாமவர் கையில் விசில், துண்டிப்புப் பொத்தான், அருகே 4 மீட்டர் கொக்கிக்கழி, 20 மீட்டர் கயிறு கட்டிய மிதவை வளையம். அவருக்குத் தொலைபேசி கூடாது, டிக்கெட் கிழிக்கும் வேலையும் கூடாது. மூழ்குகிறவர் சத்தம் போடுவார் என்று நம்பவேண்டாம். மூழ்குதல் அமைதியாக நிகழும், 60 செ.மீ. நீரிலும் நிகழும். 10 வினாடிக்கு ஒருமுறை எல்லாப் படகையும் கண்ணால் சுற்றிவர வேண்டும், கண்டால் 20 வினாடிக்குள் அடையவேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பணியாளையே நீரில் இறக்கி, கடிகாரம் வைத்துப் பழகுங்கள். நேரம் கூடினால் அடைப்பைச் சுருக்குங்கள்.

இடிமுழக்கம் கேட்டால் எல்லாரையும் கரையேற்றுங்கள். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் நீரில் இறக்கவேண்டும். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு நாள் சீட்டா என்பதைப் பலகையில் எழுதி வைத்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் இராது.

கணக்கு

கணக்கைப் பணத்தில் போடாமல் டிக்கெட்டில் போடுங்கள். எந்த ஊருக்கும் எந்த விலைக்கும் பொருந்தும். மாதிரிக்கு, மாத வாடகை 400 டிக்கெட்டுக்குச் சமம், மூன்று பேர் சம்பளம் 700, காப்பீட்டின் மாதப் பங்கு 150, மின்சாரமும் பழுதும் 200, படகும் பேட்டரியும் தேய்வதற்கு ஒதுக்குவது 250. மொத்தம் 1,700.

வரவு: 8 படகு, மணிக்கு 6 சுற்று என்றால் 48 டிக்கெட் என்று காகிதம் சொல்லும். ஒரு படகு எப்போதும் பழுதில் இருக்கும், மீதி ஏழும் 70 விழுக்காடே நிறையும். கையில் வருவது மணிக்கு 29, 30. விடுமுறை நாளில் 5 மணி நேர நெரிசலுக்கு 150. மாதத்தில் அப்படி 8 நாள் என்றால் 1,200. மழை, காற்று, பராமரிப்பு போக மிஞ்சும் வேலைநாள் 12, நாளுக்கு 40 வீதம் 480. ஆக 1,680. இருபது டிக்கெட் குறைகிறது.

இந்த மாதிரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: சிறு பம்பர் படகுத் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் விளிம்பில் நிற்கும். இன்னும் இரண்டு படகு சேர்த்தால் லாபம் வரும் என்று தோன்றும். வராது, விடுமுறை நாளில் கூட்டம் படகுக்காகக் காத்திருப்பதைவிட ஏற்றி இறக்கும் நேரத்துக்காகத்தான் காத்திருக்கிறது. அதை 5 நிமிடத்திலிருந்து 4 நிமிடமாக்கினால் மணிக்கு 6 சுற்று ஆறரைக்கு மேல் போகும். அடுத்த குழு ஜாக்கெட் மாட்டி, விதிகளைக் கேட்டு முடித்துத் தயாராக நின்றாலே இது நடக்கும். விடுமுறை நாள் ஒன்றுக்குப் பதினாறு டிக்கெட் கூடும், மாதத்துக்கு 130. வேலைநாளில் டிக்கெட் தனியாக விற்பதை விட்டு, பள்ளிக் குழுக்களுக்கும் பிறந்தநாள் கூட்டங்களுக்கும் ஒரு மணி நேரம் மொத்தமாகக் கொடுங்கள். கூட்டம் இல்லாத நாளில் திறக்காமலே இருக்கலாம், சம்பளமும் அதற்கேற்ப நாள்கூலியாக அமையும்.

இந்தக் கணக்கில் நீங்கள் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய பெரிய எண் வாடகை ஒன்றுதான். 400ஐ 300ஆக்கினால் ஆண்டு முழுக்க மூச்சு விடலாம், அதைப் பேசமுடிவது கையெழுத்துக்கு முன்பு மட்டுமே. 66 புள்ளிகளின் ஆழத்தாளும், நீர் மிகக் குறையும் மாதம், நிறையும் மாதம் இரண்டின் நீர்மட்டக் குறிப்பும் கையில் வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள்.